சாவி அப்பா மடியில், அம்மா உள்ளே: தோட்டத்து வீட்டுப் பூட்டுகளைப் பற்றி ஒரு கேள்வி

காங்கேயத்தான்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது காங்கேயம் பக்கம் தோட்டத்து வீடு. தார் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் மண் தடம், பக்கத்து வீடு என்று சொல்வதே அரை கிலோமீட்டர் தள்ளித்தான். அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66, நான் பெங்களூரில் வேலை. 2024 நவம்பர் கடைசியில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் இருந்த மூன்று பேரைக் கொன்றார்களே, அப்போதிலிருந்து அப்பாவுக்குத் தூக்கம் போனது. அடுத்த வருஷம் மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரியில் அந்த வயதான தம்பதி தோட்டத்து வீட்டில் கொல்லப்பட்டுக் கிடந்தது தெரிந்தது. அதற்கப்புறம் வீடு வீடாக இல்லை. அப்பா அம்மா வயசு, நம்மைப் போலவே தோட்டத்தில் தனியாக இருந்தவர்கள், அவர் பயந்ததில் தப்பு சொல்ல முடியாது.

ஆனால் செய்து வைத்திருப்பதைக் கேளுங்கள். வாசலுக்கு முன்னால் ஒரு கிரில் கேட், அதற்கு உள்ளே ஒரு கொலாப்சிபிள் கேட், அப்புறம் மரக்கதவு. எல்லா ஜன்னலுக்கும் ஏற்கெனவே இருந்த கம்பிக்கு மேல் இன்னொரு கிரில். திண்டுக்கல் பூட்டு மொத்தம் ஐந்து. கேமரா ஆறு. அப்பா வெளியே போனால் வெளிக் கேட்டைப் பூட்டிச் சாவியை வேட்டி மடியில் முடிந்துகொள்வார். மரக்கதவை அம்மா உள்ளிருந்து மேலே கீழே தாழ் போட்டு ஆல்டிராப்பையும் (குறுக்கே இழுக்கிற பெரிய இரும்புத் தாழ்) இழுத்துவிட வேண்டும், அப்பா குரல் கேட்டால்தான் திறக்கணும். அதுதான் இப்போது வீட்டுச் சட்டம்.

போன மாதம் ஒரு ராத்திரி ஒன்றரை மணிக்கு மோட்டார் போடக் கிணத்து மேட்டுக்குப் போயிருக்கிறார். இருபது நிமிஷத்தில் திரும்பி வந்து கூப்பிட்டால் உள்ளே சத்தமே இல்லை. அம்மாவுக்கு சுகர் உண்டு, லோ ஆகி சமையலறையில் விழுந்து கிடந்திருக்கிறார். அப்பாவுக்கோ அது மனதில் வரவே இல்லை, உள்ளே ஆள் புகுந்துவிட்டான் என்றுதான் நினைத்திருக்கிறார். அதனால் சத்தம் போடாமல், கையில் அரிவாளோடு, கால் மணி நேரம் வீட்டையே சுற்றி வந்திருக்கிறார். அப்புறம்தான் பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பாவுக்கு போன். அவர் வந்து இரண்டு கேட்டையும் திறந்தாலும் மரக்கதவு உள்தாழ். கடப்பாரை போட்டுப் பார்த்திருக்கிறார்கள், தேக்குக் கதவு, அசையவில்லை. கடைசியில் பின்கட்டு ஓட்டு வீடு என்பதால் ஏணி வைத்து ஏறி, ஓட்டைப் பிரித்து, சித்தப்பா சமையலறைக்குள் இறங்கினார். அம்மா அரை மயக்கம், பேச்சு குழறியது. சர்க்கரைத் தண்ணி கொடுத்து, காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இப்போது நன்றாக இருக்கிறார்.

இதிலிருந்து அப்பா கற்றுக்கொண்டது என்ன தெரியுமா? ஓட்டு வழியாக ஆள் இறங்க முடிகிறது என்று. அடுத்த வாரமே ஓட்டுக்கு அடியில் இரும்பு வலை அடிக்க ஆள் பேசிவிட்டார். போதாததற்கு காம்பவுண்டு சுவர் மேல் ஜி.ஐ. கம்பி இழுத்து ராத்திரியில் மட்டும் கரண்ட் விடலாமா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டிருக்கிறார். இவரிடம் எப்படிப் பேசுவது? நான் வாயைத் திறந்தாலே "நீ பெங்களூர்ல அஞ்சாவது மாடியில தூங்கறவன், உனக்கென்ன தெரியும்" என்கிறார்.

---

பட்டறைக்காரன்:

தம்பி, பெருந்துறை ரோட்டில் 22 வருஷமாக கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். உங்கள் அப்பா மாதிரி ஆட்களால்தான் எனக்குச் சோறு, ஆனாலும் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதிலேயே ஒன்று இருக்கிறது, கவனித்தீர்களா? ஐந்து பூட்டு, இரண்டு கேட், தேக்குக் கதவு எல்லாம் இருக்க, வயசான ஒரு ஆள் ஏணி வைத்து ஓட்டைப் பிரித்து உள்ளே போய்விட்டார். திருட வருகிறவன் அதைவிடச் சீக்கிரம் போவான். இத்தனை செலவும் யாரைத் தடுத்தது? காப்பாற்ற வந்தவரைத்தான். இதை உங்கள் அப்பாவிடம் கோபமில்லாமல் ஒரு கணக்கு மாதிரி சொல்லிப் பாருங்கள்.

வேலை சம்பந்தமாக. எங்களிடம் வருகிறவர்கள் எல்லாருமே கள்ளன் எப்படி உள்ளே வருவான் என்றுதான் யோசிக்கிறார்கள், தாங்கள் எப்படி வெளியே போவது என்று இத்தனை வருஷத்தில் நாலைந்து பேர் கேட்டிருந்தால் அதிகம். ஸ்குரூ போட்டால் கழற்றிவிடுவான், வெல்டிங் அடி என்பார்கள். அடித்துக் கொடுப்பேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் டவுனில் ஒரு வீட்டில் ஏ.சி. ஒயரில் தீப்பிடித்துக் கூப்பிட்டார்கள், நான் போட்டுக்கொடுத்த கிரில்தான், ஓடினேன். கட்டிங் மெஷின் கையில் இருக்கிறது, ஓட்டக் கரண்ட் இல்லை. தீ என்றால் முதலில் கரண்டைத்தானே நிறுத்துவார்கள்! ஹாக்ஸா பிளேடால் 12 எம்.எம். சதுரக் கம்பியை அறுத்துப் பாருங்கள், ஒரு கம்பிக்கே மூச்சு வாங்கும். ஆள் நுழைய நாலு கம்பியாவது அறுக்கணும், மேலேயும் கீழேயும். உள்ளே இருந்த அக்காவும் பையனும் ஈரத் துணியை மூக்கில் வைத்துக்கொண்டு ஜன்னலிலேயே நின்றார்கள். பிழைத்தார்கள், சாமி புண்ணியம். அன்றிலிருந்து யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், படுக்கிற ரூமில் ஒரு ஜன்னலுக்காவது கீல் வைத்து உள்பக்கம் திறக்கிற மாதிரிதான் கிரில் கொடுக்கிறேன். இரண்டடிக்கு இரண்டடி இருந்தால் பெரிய ஆள் வெளியே வரலாம். கொண்டி உள்ளே, வெளியிலிருந்து கை எட்டாத உயரத்தில். பூட்டு போட்டே தீருவேன் என்றால் சாவி அந்த ஜன்னல் பக்கத்துச் சுவர் ஆணியிலேயே தொங்கணும், பீரோவில் இல்லை.

மரக்கதவில் ஆல்டிராப்பைக் கழற்றிவிட்டு நைட் லாட்ச் போடுங்கள். உள்ளிருந்து வெறும் குமிழைத் திருப்பினால் திறக்கும், வெளியிலிருந்து சாவி வேண்டும். மூன்று சாவி வரும். ஒன்று அப்பா, ஒன்று அம்மா, ஒன்று அந்தச் சித்தப்பா வீட்டில்.

---

ரிட்டயர்டு லைன்மேன்:

கரண்ட் கம்பி விஷயத்தைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. மற்றதெல்லாம் நாளைக்குப் பேசிக்கொள்ளலாம், அதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

வீட்டு லைனை நேரடியாகக் கம்பியில் கொடுத்தால் அது வேலி இல்லை, தூக்குக் கயிறு. 230 வோல்ட் விடாமல் ஓடும்போது கைத்தசை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், தொட்டவன் நினைத்தாலும் விட முடியாது. கடையில் விற்கிற சோலார் வேலி வேறு. அதில் எனர்ஜைசர் என்று ஒரு பெட்டி, ஏறக்குறைய நொடிக்கு ஒரு தடவை மின்னல் மாதிரி ஒரு வெட்டு வெட்டிவிட்டு நின்றுவிடும், ஆள் கையை எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டுதான் பாதிப் பேர் சாகிறார்கள்.

"எம்.சி.பி. இருக்கு, ட்ரிப் ஆயிரும்" என்று அந்த எலக்ட்ரீஷியன் சொன்னால் நம்ப வேண்டாம். எம்.சி.பி. என்பது கரண்ட் அளவு மீறினால் தானே நிறுத்துகிற சுவிட்ச், ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான் விழும். ஆள் உடம்பு வழியாகப் போவது ஒரு ஆம்பியரில் சின்னப் பங்கு, அதற்கு அது அசையாது. ஆர்.சி.சி.பி. என்றால், அது கரண்ட் கசிந்தால் நிறுத்துகிற சுவிட்ச், 30 மில்லி ஆம்பியருக்கே விழும், அதனாலேயே ராத்திரிப் பனியில் ஒரு கொடி கம்பியில் பட்டாலும் விழுந்துகொண்டே இருக்கும், இரண்டே நாளில் உங்கள் அப்பா அதை பைபாஸ் பண்ணச் சொல்லிவிடுவார். இதெல்லாம் பார்த்தாச்சு.

2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் மூன்று யானைகள் விழுந்து செத்தது இந்த மாதிரிக் கம்பியில்தான். காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பி. யானைக்கே அந்தக் கதி. உங்கள் வீட்டில் யார் தொடுவார்கள்? விடியக்காலை பால் ஊற்ற வருகிறவர், ஸ்விட்ச் அணைக்க மறந்த அன்றைக்கு உங்கள் அம்மா, லீவுக்கு வருகிற உங்கள் பிள்ளை. அனுமதி இல்லாமல் செய்வது குற்றம், உயிர் போனால் கம்பி போட்டவருக்கு ஜெயில்.

---

மேட்டாங்காட்டு மருமகள்:

எல்லாரும் நன்றாக எழுதுகிறீர்கள், சரி. நான் சிவகிரியிலிருந்து எட்டு கிலோமீட்டரில் தோட்டத்தில் இருப்பவள். அந்த மே மாதம் எங்கள் பக்கம் ராத்திரி யாரும் தூங்கவில்லை. நாய் குரைத்தால் மாமியாருக்கு வயிற்றைக் கலக்கும். அப்புறம் ஆட்களைப் பிடித்தார்கள்தான், ஆனால் பயம் அதோடு போய்விடுமா? "வீணாகப் பயப்படுகிறார்" என்று காங்கேயத்தான் அண்ணா எழுதவில்லை, அதுவரைக்கும் சந்தோஷம். போலீசே கேமரா வையுங்கள், உஷாராக இருங்கள் என்று சொல்லும்போது பெரியவர் வேறென்ன செய்வார்?

கிரில் எங்களிடமும் இருக்கிறது, எடுக்கப் போவதில்லை. ஆனால் பூட்டில் மட்டும் நம்பி இல்லை. கேட் தூணில் ஒரு சைரன், சுவிட்ச் கட்டில் பக்கத்தில். அடித்தால் சுற்றியிருக்கிற ஆறு தோட்டத்துக்கும் கேட்கும். சைரன் கேட்டால் முதலில் எல்லாரும் வெளி லைட்டைப் போடணும், அப்புறம் போன், எடுக்கவில்லை என்றால் இரண்டு பேராகக் கிளம்பணும் என்று பேசி வைத்திருக்கிறோம். மாசத்துக்கு ஒரு தடவை வேண்டுமென்றே அடித்துப் பார்ப்போம். போன ஐப்பசியில் என் மாமனாருக்கு நெஞ்சு வலி வந்தபோது உதவியது இந்தச் சைரன்தான், திருடன் இன்னும் வரவில்லை. அன்றைக்கு எங்கள் கேட்டிலும் பூட்டுதான், ஆனால் சாவி எதிர்த்தோட்டத்து அக்காவிடமும் ஒன்று இருந்தது.

இன்னொன்று. எங்கள் ஊர்ப் பையன்கள் ராத்திரி பைக்கில் ரோந்து போகிறார்கள். போன மாதம் தெரியாத ஆள் ஒருத்தனைப் பிடித்து வைத்து விசாரித்தார்கள், பார்த்தால் வழி தெரியாமல் சுற்றிய அறுவடை மெஷின் டிரைவர். இப்படி உங்கள் பக்கமும் ஆரம்பிக்கலாம்.

---

திருவண்ணாமலை வாசி:

அக்கா, சைரன் யோசனை அருமை. ரோந்தில் மட்டும் கொஞ்சம் கவனம். 2018 மே மாதம் எங்கள் மாவட்டத்தில் போளூர் பக்கம் அத்திமூரில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த நேரம். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பம், வழி கேட்க நிறுத்தியிருக்கிறார்கள். அதில் ஒரு 65 வயது அம்மா அங்கே விளையாடிய குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான். ஊரே சேர்ந்து அடித்து, அந்த அம்மா இறந்துபோனார். அடித்தவர்கள் ரவுடிகள் இல்லை, அவரவர் பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பிய சாதாரண ஆட்கள். உங்கள் பையன்கள் பிடித்த டிரைவர் பதற்றத்தில் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆளைப் பார்த்தால் 112-க்கு போன், தூரத்தில் நின்று லைட் அடிப்பது, கை வைக்கக் கூடாது. இதை ரோந்து போகிறவர்களிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள்.

---

மேட்டாங்காட்டு மருமகள்:

பேசுகிறேன். அந்த டிரைவரை இரண்டு அறை விட்டார்கள் என்று இப்போதுதான் என் வீட்டுக்காரர் சொல்கிறார்.

---

குவைத் மணி:

நான் குவைத்தில் மங்காஃப் என்கிற ஊருக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறவன். 2024 ஜூன் 12 விடியக்காலை அந்தத் தொழிலாளர் கட்டடத்தில் தீப்பிடித்தபோது கீழே இறங்கப் புகை விடவில்லை, மேலே ஓடியவர்களுக்கு மொட்டை மாடிக் கதவு பூட்டிக் கிடந்தது. செத்தவர்களில் நம் தமிழ்நாட்டுக்காரர்கள் ஏழு பேர். அதற்கப்புறம் ஊரில் இருக்கிற என் தம்பியின் அபார்ட்மெண்டில் கேட்டேன், அங்கேயும் மொட்டை மாடிக்குப் பூட்டுதான், சாவி செகரட்டரி வீட்டில். ஏன் என்றால் யாரோ வடாம் காயப்போட்டதை யாரோ எடுத்துவிட்டார்களாம். வடாமுக்கு!

கேமரா வைத்திருக்கிறீர்களே, கூடவே வந்த பாஸ்வேர்டை மாற்றினீர்களா? 2016-ல் மிராய் என்று ஒரு வைரஸ் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களிலும், கேமரா படத்தைப் பதிவு செய்கிற டி.வி.ஆர். பெட்டிகளிலும் புகுந்தது, கம்பெனி போட்ட பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால்தான். வீட்டில் யார் எப்போது இருக்கிறார்கள் என்று நீங்களே ஊருக்குக் காட்டிக்கொண்டிருக்கப் போகிறீர்கள்.

---

நர்ஸ் செல்வி:

எல்லாரும் அப்பாவைப் பற்றியே பேசுகிறீர்கள். உள்ளே விழுந்து கிடந்தவர் அம்மா. அவரிடம் யாராவது கேட்டீர்களா?

வார்டில் இப்படி நிறைய அம்மாக்களைப் பார்க்கிறேன். "அவர் வந்து திறந்தால்தான்" என்று சொல்லி மதியமே தண்ணி குடிப்பதை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு, ராத்திரி கொல்லைக்குப் போகக் கேட்டைத் திறக்கச் சொல்லி எழுப்ப வேண்டுமே என்று. கணவருக்குப் பயம் குறைய வேண்டும் என்பதற்காக இவர்கள் ஜெயிலில் இருப்பார்கள், வாயைத் திறக்க மாட்டார்கள்.

அப்புறம் உடம்பு விஷயம். ராத்திரி ஒன்றரைக்கு அந்த அளவு லோ ஆகிறது என்றால் பூட்டைவிட முதலில் பார்க்க வேண்டியது மருந்தின் அளவு. இன்சுலினா மாத்திரையா, ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார், எல்லாம் எழுதிக்கொண்டு இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். குளுக்கோஸ் பாக்கெட் கட்டில் பக்கம், சமையலறை, முந்தானைக்குள் என்று மூன்று இடத்தில் இருக்கட்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்று அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சொல்லிவிடுங்கள், புரையேறிவிடும். 108-க்கு அடித்தால் தோட்டத்துக்கு வழி சொல்லத் தெரியணும், மண் தடத்து முனையில் பேர்ப்பலகை இருக்கிறதா? பயத்தில் அதையும் கழற்றியவர்களை எனக்குத் தெரியும்.

---

காங்கேயத்தான்:

எல்லாருக்கும் நன்றி. செல்வி அக்கா, பேர்ப்பலகையை அப்பா நிஜமாகவே கழற்றிவிட்டார், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தெரியவில்லை.

நேற்று போனில் இரண்டு மணி நேரம். லைன்மேன் ஐயா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன், பால்காரர் என்றதும் அமைதியாகிவிட்டார். பால் ஊற்றுகிறவர் அப்பாவோடு படித்தவர். கரண்ட் கம்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார், எலக்ட்ரீஷியனுக்கும் போன் போட்டாச்சு. பட்டறை அண்ணன் சொன்ன கணக்கையும் சொன்னேன், அதுதான் எடுபடவில்லை. "அதனாலதான் ஓட்டுக்கு வலை அடிக்கறேன்" என்கிறார். வாதத்தில் அவரை நான் ஜெயிக்க முடியாது.

அப்புறம் அம்மாவிடம் தனியாகப் பேசினேன். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "எனக்குன்னு ஒரு சாவி இருந்தா நல்லாருக்கும்" என்றார். 43 வருஷம் அந்த வீட்டில் இருக்கிறார். போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார் போல, எதுவும் பேசவில்லை, மோட்டார் நிறுத்தணும் என்று எழுந்து போய்விட்டார். போகும்போது வெளிக் கேட்டைப் பூட்டினாரா என்று அம்மாவைக் கேட்டேன். பூட்டினாராம். ஆனால் சாவியை உள்ளே திண்ணையில் வைத்துவிட்டு, பூட்டை வெறுமனே அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது அம்மாதான் திறந்துவிட்டிருக்கிறார்.

வலை வேலை பாதியில் நிற்கிறது, ஆளுக்கு இன்னும் மீதிப் பணம் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன். பட்டறை அண்ணா, தேக்குக் கதவு ஒன்றரை இஞ்ச் தடிமன், அதற்கு நைட் லாட்ச் எது வாங்குவது?

---

பட்டறைக்காரன்:

ஒன்றரை இஞ்சுக்குச் சாதாரணமாகக் கிடைக்கிறதே போதும் தம்பி. கடையில் கேட்கும்போது உள்பக்கம் சாவி ஓட்டை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள், உள்ளேயும் சாவி போட்டுப் பூட்டுகிற மாடல் ஒன்று இருக்கிறது, அதைக் கொடுத்தால் வாங்காதீர்கள். கதவு தானாகச் சாத்திக்கொண்டால் பூட்டிக்கொள்ளும், அதனால் மோட்டார் போடப் போகும்போது அப்பா சாவியை மறந்தால் வெளியே நிற்பார், அம்மா எழுந்து திறக்கட்டும். வலை அடிக்கிற ஆள் யார் என்று சொல்லுங்கள், நம்ம பசங்களாகத்தான் இருப்பார்கள். ஓரத்தில் ஒரு பாகத்தை மட்டும் வெல்டு வைக்காமல் உள்ளே கொண்டி போட்டு விடச் சொல்கிறேன். அப்பாவிடம் வலை அடித்தாச்சு என்று சொல்லிக்கொள்ளலாம்.

---

காங்கேயத்தான்:

பொய் வேண்டாம் அண்ணா, கொண்டி எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் காட்டிவிடுகிறேன். நம்பரைத் தனி மெசேஜில் அனுப்புங்கள்.